அந்தாண்டயா, இந்தாண்டயா?

எங்கள் வீட்டில் இடது, வலது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சோத்தாங்கை பக்கம், பீச்சாங்கை பக்கம், அவ்வளவுதான். நைனா வேலை பார்த்த பெட்ரோல் பங்கில் அதற்கும் வேறு பெயர். வலது என்றால் டிரைவர் சைடு. இடது என்றால் கிளீனர் சைடு. லாரியில் ஸ்டியரிங் பிடிக்கிறவர் உட்காரும் பக்கம் ஒன்று. தலையை வெளியே நீட்டி 'வா, வா, வா, ஹோல்டான்' என்று கிளீனர் கத்தும் பக்கம் இன்னொன்று. கார் வந்து நின்றாலும் அங்கே பேச்சு அதேதான்.

வட சென்னையில் பல வீடுகளைப் போல எங்களுக்கும் அப்பா என்றால் நைனாதான். 1972-ல், மாதவரத்தில் ஜி.என்.டி. ரோட்டுமேல் இருந்த ஒரு பங்கில் பெட்ரோல் போடும் ஆளாகச் சேர்ந்தவர், முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றார். நின்றார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்த பங்கில் வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது.

அவருக்கு ஒரு கருத்து உண்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதை அவர் மாற்றிக்கொண்டதில்லை. காருக்கு டேங்க் மூடி கிளீனர் சைடில்தான் இருக்க வேண்டும், டிரைவர் சைடில் வைக்கிறவன் ரோட்டில் நின்று பார்க்காதவன் என்பார். ரொம்ப காலம் இதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த பங்கை இன்றைய பங்குகளை வைத்து நினைக்கக் கூடாது. மேலே கூரை கிடையாது. மழை பெய்தால் கோணிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வருவார்கள். டீசலுக்கு இரண்டு பம்ப், பெட்ரோலுக்கு ஒன்று. ஆபீஸ் ரூம் ஓரமாக ஒரு பூவரச மரம், அதன் அடியில் தண்ணீர்ப் பானை. பள்ளிக்கூடம் விட்டதும் நைனாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துப் போவது என் வேலை. காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து வாசனை மாறும். ஒரு பக்கம் மாதவரம் பால் பண்ணை, நியூசிலாந்து அரசாங்கத்தின் உதவியோடு 1963-ல் வந்தது. கிழக்கே மணலி. அங்கே மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965-ல் கம்பெனியாக ஆரம்பித்து, 1969-ல் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கியது. வருஷத்துக்கு 25 லட்சம் டன் என்ற கணக்கில் கட்டினார்கள். அமெரிக்காவின் அமோகோ கம்பெனிக்கும் ஈரான் நாட்டு எண்ணெய்க் கம்பெனிக்கும் அதில் பங்கு இருந்தது. பாலும் பெட்ரோலும் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்த இடத்தில் வளர்ந்தவன் நான். விடியற்காலை மூன்று மணிக்குப் பால் வண்டிகள் டீசலுக்கு வரிசை கட்டும். அதற்குப் பிறகு கல்கத்தா ரோட்டு லாரிகள்.

லாரிக்கு மூடி எந்தப் பக்கம் என்ற கேள்வியே வராது. டேங்க் சேசிஸ் ஓரத்தில் வெளியே தொங்குகிறது, மூடியில் பூட்டுத் தொங்குகிறது, கண்ணுள்ளவனுக்குத் தெரியும். கிளீனர் இறங்கி வந்து பூட்டைத் திறந்து, அளவுக்குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நனைந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவான். 'அண்ணே, இவ்ளோ கீது, மேல எம்பது ஊத்து.' நெல்லூர் லாரிகளோடு நைனா தெலுங்கில் பேசுவார். அவர்கள் பேச்சில் 'அந்தாண்ட'வுக்கும் 'இந்தாண்ட'வுக்கும் வேலையில்லை, கையைக் காட்டினால் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சேசிஸ் வண்டிகள். எண்ணூர் அசோக் லேலண்ட் ஃபாக்டரியிலிருந்து பாடி கட்டாத வெறும் சேசிஸாகவே அவற்றை ஓட்டிக்கொண்டு வருவார்கள். கேபின் கிடையாது, கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. பலகையை வைத்துக் கட்டிய ஒரு இருக்கை. அதன்மேல் தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனுஷன். நாலைந்து வண்டி ஒன்றன்பின் ஒன்றாக வரும். எலும்பு மட்டும் நடந்து வருகிற மாதிரி இருக்கும். இன்ஜின், டேங்க், அங்கிருந்து இன்ஜினுக்குப் போகிற பைப், பின்னால் போகிற சைலன்சர் எல்லாம் திறந்து கிடக்கும். ஒரு வண்டியின் வயிற்றுக்குள் என்ன எங்கே போகிறது என்பதை நான் முதலில் பார்த்தது அந்த சேசிஸ்களில்தான். டேங்க்கும் சைலன்சரும் ஏன் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று நைனா சொல்லிக் கொடுத்ததும் அங்கேதான். 'நெருப்பும் எண்ணெயும் ஒரே ரூம்ல படுக்குமாடா?'

கார்தான் தொல்லை. நாளைக்கு இருபது கார் வந்தால் அதிகம். அம்பாசடர், ஃபியட், எப்போதாவது ஸ்டாண்டர்டு. அந்த மூன்றுக்கும் மூடி எங்கே என்று நைனாவின் கைக்கே தெரியும். வண்டி ரோட்டிலிருந்து திரும்பும்போதே இந்தாண்ட வா, அந்தாண்ட போ என்று கையைக் காட்டிவிடுவார். பம்பில் ஒரே ஓஸ், அதுவும் குட்டை. மூடி வேறு பக்கம் இருந்தால் வண்டியைத் திருப்பி, வந்த திசைக்கு எதிர்முகமாக நிறுத்த வேண்டும். வெளியூர்க் கார், அதிகம் பார்க்காத கார் வந்தால் டிரைவரை இறங்கச் சொல்லிக் கேட்க மாட்டார், சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் கையைக் காட்டுவார். அந்த நடையில் ஒரு மரியாதை இருந்தது. வீட்டுக்கு வந்தவருக்கு எங்கே இலை போடுவது என்று பார்க்கிற மாதிரி.

விலை ஏறுகிற ராத்திரிகள் தனி. அப்போதெல்லாம் விலையை அரசாங்கம்தான் நிர்ணயிக்கும். நள்ளிரவு முதல் உயர்வு என்று செய்தியில் சொன்னால் போதும், ஒன்பது மணிக்கு ரவுண்டானாவரைக்கும் வண்டி நிற்கும். ஓஸ் ஒரு பக்கம்தான் எட்டும் என்பதால் ஒரே வரிசை. மூடி வேறு பக்கம் இருக்கிற கார்க்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து மூக்கை நுழைப்பார்; வரிசையில் நிற்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். நைனா நடுவில் நின்று, இந்தாண்டயிருந்து நாலு, அந்தாண்டயிருந்து ஒண்ணு என்று கணக்கு வைத்து அனுப்புவார். பன்னிரண்டு அடித்ததும் முதலாளி வந்து விலையை மாற்றுவார். அந்த நேரத்தில் ஓஸைக் கையில் வைத்திருப்பவன்மேல்தான் எல்லார் கோபமும்.

1979 மழைக்காலம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருவர் நனைந்துகொண்டே நடந்து வந்தார். ரெட்டேரிக்கு அப்பால் கார் நின்றுவிட்டது, பெட்ரோல் தீர்ந்துவிட்டது, வண்டியில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். நைனா ஐந்து லிட்டர் டின்னில் பெட்ரோல் பிடித்து, சைக்கிளில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். அந்தக் காரின் மூடி டிரைவர் சைடில் இருந்தது. அதாவது ரோட்டுப் பக்கம். அன்றைக்கு ஜி.என்.டி. ரோடு ஒரு வண்டி போக ஒரு வண்டி வர என்ற அகலம்தான். அந்தப் பகுதியில் விளக்கும் இல்லை. பழைய தினத்தந்தி பேப்பரைச் சுருட்டிப் புனல் செய்து, முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தார். காருக்குள் குழந்தை அழுதது, அதைப் பார்க்கக் கொஞ்சம் நிமிர்ந்தார். பின்னால் வந்த லாரியின் பாடியில் தார்ப்பாய் கட்டுகிற கொக்கிகள் வரிசையாக இருக்கும் அல்லவா, அதில் ஒன்று அவருடைய வலது தோளைக் கிழித்துக்கொண்டு போனது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். ஆறு வாரம் வேலை இல்லை, பாதிச் சம்பளம். அந்தக் கை இன்றைக்கும் தோளுக்கு மேல் ஏறாது. சட்டை போடும்போது முதலில் சோத்தாங்கையை நுழைத்துவிட்டுத்தான் மற்றதை எல்லாம் செய்வார். அந்தக் கார்க்காரரையோ லாரிக்காரரையோ அவர் திட்டி நான் கேட்டதில்லை. 'மூடி கிளீனர் சைடுல இருந்திருந்தா நான் மண்ணுல நின்னிருப்பேன்' என்பார், அவ்வளவுதான்.

1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்ததைப் பேப்பரில் எல்லாரும் பார்த்தோம். எங்கள் பங்குக்கு அந்தக் கார் வந்தது அதற்கும் ரொம்ப நாள் கழித்து. வெள்ளை நிறம், சோப்பு டப்பா மாதிரி சின்னதாக. நைனா வழக்கம்போலச் சுற்றி நடந்தார். டிரைவர் சைடு வழவழவென்று இருந்தது. பின்பக்கமாகச் சுற்றிக் கிளீனர் சைடுக்கு வந்தார். பின் சக்கரத்துக்கு மேலே உடம்போடு உடம்பாக ஒட்டிய ஒரு சின்னக் கதவு. அதன்மேல் கையை வைத்துத் தடவினார். 'இதைச் செஞ்சவன் ரோட்டைப் பாத்திருக்கான்டா' என்றார்.

அது உண்மைதான் என்று பிற்பாடு புரிந்தது. அந்தக் கார் ஜப்பான் சுசுகியின் வார்ப்பு. ஜப்பானிலும் நம்மைப் போலவே வண்டிகள் ரோட்டின் இடப்பக்கமாகப் போகின்றன. அங்கே இடப்பக்க மூடி என்றால் ஓரத்துப் பக்கம், மண்ணுப் பக்கம். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் மூடி இடப்பக்கமே. ஜெர்மனியில் ரோட்டின் வலப்பக்கமாக ஓட்டுகிறார்கள். அங்கே ஓரம் என்பது வலது. அதனால் ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் என்று ஜெர்மன் கார்களில் மூடி வலப்பக்கம். அவரவர் ஊரில் அவரவர் செய்தது சரி. ஆனால் அந்த ஜெர்மன் கார் கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தால், ஸ்டியரிங்கைப் பக்கம் மாற்றிக் கொடுக்கிறார்கள், மூடியை மாற்றுவதில்லை. மூடிக்காகப் பின்பக்கத் தகட்டின் அச்சையும், டேங்க்கையும், பைப்பையும் மாற்ற வேண்டும். அது பெரிய செலவு. ஆக, ஜெர்மனியில் ஓரத்தில் நிற்கிறவனைக் காப்பாற்றிய மூடி நம்ம ரோட்டில் நடுரோட்டைப் பார்த்து நிற்கிறது.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கொரியாக்காரர்கள் ஓட்டுவது வலப்பக்கம். அவர்கள் கார்களில் மூடி இடப்பக்கம்தான் அதிகம். அவர்களுக்கு அது டிரைவர் இறங்குகிற பக்கம். ஹூண்டாய்க் கார்கள் இங்கே வந்தபோது நமக்கு அது கிளீனர் சைடாக அமைந்தது, நம்ம அதிர்ஷ்டம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் மூடியை ஒளித்துவைத்தார்கள். எந்தப் பக்கம் நிறுத்தினாலும் ஓஸ் எட்டும், சண்டையே இல்லை. ஆனால் பின்னால் இன்னொரு வண்டி வந்து மோதினால் முதலில் அடி வாங்குவது அந்த இடம் என்பதால் 1970-களில் பாதுகாப்பு விதிகள் கடுமையான பிறகு அது மெல்ல மெல்ல ஒழிந்தது. பழைய ஜாகுவார் எக்ஸ்.ஜே. கார்களில் இரண்டு டேங்க், பக்கத்துக்கு ஒரு மூடி. 2009-ல் வந்த டாடா நானோவில் முன்னால் பானெட்டைத் திறந்துதான் பெட்ரோல் போட வேண்டும். நைனா அப்போது வேலையை விட்டுவிட்டார். நான் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'பரவால்ல, முன்னாடி நின்னா டிரைவருக்கு நம்ம மூஞ்சி தெரியும்' என்றார்.

டிரைவரே தன் வண்டிக்கு மூடி எந்தப் பக்கம் என்று மறந்துபோவதும் உலகம் முழுக்க இருக்கிற விஷயம். 1986-ல் ஃபோர்டு கம்பெனியில் ஜேம்ஸ் மொய்லன் என்ற இன்ஜினியர், ஆபீஸ் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் பெட்ரோல் போடத் தவறான பக்கம் நிறுத்திவிட்டார். நல்ல மழை, நனைந்துவிட்டார். திரும்பி வந்தவுடன், பெட்ரோல் முள் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டால் என்ன என்று எழுதிக் கொடுத்தார். அந்த 1980-கள் முடிவதற்குள் ஃபோர்டு கார்களில் அது வந்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. இன்றைக்கு அநேகமாக எல்லா கார்களிலும் இருக்கிறது. பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம். அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் மூடி. படத்தில் ஓஸ் எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதுதான் மூடி இருக்கும் பக்கம் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். முக்கோணத்தை மட்டும் பாருங்கள். மழையில் நனைந்த ஒரு மனுஷன் தனக்குப் பின்னால் வருகிறவர்கள் நனையக் கூடாது என்று நினைத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதே மாதிரி மழையில் எங்கள் நைனாவும் நனைந்தார். எழுதிக் கொடுக்க அவருக்கு ஓர் ஆபீஸ் இல்லை.

இனி என் கதை. 2014-ல் நான் கார் வாங்கினேன். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் கார், கனமான கதவு, ஓட்ட அருமை. டெலிவரி எடுத்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். நைனா சுற்றி நடந்தார். டிரைவர் சைடில் பின் சக்கரத்துக்கு மேல் நின்றார். மூடியைத் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கற்பூரம் ஏற்றி எலுமிச்சம்பழம் வைத்து, வண்டி அதன்மேல் ஏறி இறங்கிய பிறகு, 'டேங்க்கைப் பாதிக்குக் கீழ உடாத' என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்கவில்லை. 2019-ல் ஒரு ராத்திரி, மணலியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நூறடி ரோட்டில் வண்டி இருமி இருமி நின்றது. முள் எப்போதோ கீழே படுத்திருக்கிறது, பேச்சில் கவனிக்கவில்லை. எட்டும் தூரத்தில் பங்க் இருந்தது. ஆனால் பாட்டிலில் தர மாட்டோம் என்றார்கள். அது சரியான விதி, நானும் அதை மதிக்கிறேன். கடைசியில் அத்தை மகன் எங்கிருந்தோ முறையான கேன் ஒன்றில் பெட்ரோல் கொண்டுவந்தான். ஊற்றப் போனபோதுதான் தெரிந்தது, நான் நிற்கிற இடம் எது என்று.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அந்த ரோட்டை ஆள்கின்றன. 40 அடி கன்டெய்னர் ஒன்று பக்கத்தில் போனால் முதலில் காற்று தள்ளும், அப்புறம் இழுக்கும். நான் காரின் வலப்பக்கத்தில் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தேன். கேனின் மூக்கு உள்ளே சரியாகப் போகவில்லை, பெட்ரோல் கையில் வழிந்தது. என் மனைவி பத்தடி பின்னால் நின்று செல்போன் விளக்கை ஆட்டி ஆட்டி வண்டிகளை விலகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கை நடுங்குவது வெளிச்சம் நடுங்குவதில் தெரிந்தது. என் மகள் உள்ளிருந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து லிட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? நாலு நிமிஷம் இருக்குமா? அந்த நாலு நிமிஷமும் என் வலது தோள் கூசிக்கொண்டே இருந்தது.

மறுநாள் நைனாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மகளைக் கூப்பிட்டு, 'தாத்தா தோளைத் தொட்டுப் பாரு' என்று சட்டையை விலக்கிக் காட்டினார். அதுவரை அந்தத் தழும்பை அவள் பார்த்ததில்லை.

கேனில் ஊற்றுகிற நிலை அபூர்வம், அதற்காகவா இவ்வளவு பேச்சு என்று என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அவர் டிரைவர் சைடு கட்சி. மூடி தன் பக்கம் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜீரோவைப் பார்க்கலாம், எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று கவனிக்கலாம், காசைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோல் போடுகிறவருக்கும் மூடி, மீட்டர், காசு எல்லாம் ஒரே பக்கம் என்றால் நடை மிச்சம். ஆனால் இந்த வாதத்தின் அடியில், ஓஸைப் பிடித்திருப்பவன் ஏமாற்றுவான் என்ற எண்ணம் படுத்திருக்கிறது. நைனாவுக்கு வலிக்கிற இடம் அது. ஏமாற்று நடக்கவே இல்லை என்று அவர் சொல்ல மாட்டார். சந்தேகம் வந்தால் கேட்கச் சொல்வார். ஒவ்வொரு பங்கிலும் அரசு முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். யார் கேட்டாலும் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். சொட்டு விட்டுப் பார்க்க ஃபில்டர் பேப்பர் கொடுக்க வேண்டும். நைனாவே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார், 'இறங்கி வாங்க சார், வந்து பாருங்க' என்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து முறைப்பதற்கு இறங்கி வந்து பக்கத்தில் நிற்பது மேல் என்று நானும் நினைக்கிறேன். அதற்கு மூடி எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.

சொந்தக் கையால் பெட்ரோல் போட்டுக்கொள்கிற நாடுகளில் இது டிரைவரின் வசதி பற்றிய கேள்வி. அவரே இறங்குகிறார், அவரே நடக்கிறார், தவறான பக்கம் நிறுத்தினால் அவரே ஓஸை இழுக்கிறார். நம்ம ஊரில் அப்படி இல்லை. நாம் உட்கார்ந்திருக்கிறோம், இன்னொருவர் நம் வண்டியைச் சுற்றி நடக்கிறார். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு பெண் எத்தனை வண்டியைச் சுற்றுவாள்? மாதவரம் பக்கத்து பங்குகளில் இப்போது நிறையப் பெண்கள் வேலை செய்கிறார்கள். கூரை வந்துவிட்டது, ஓஸ் நீளமாகிவிட்டது, பம்புக்கு இரண்டு பக்கமும் நாசில். எல்லாம் நல்ல மாற்றம். ஆனால் ஓஸ் நீளமாக இருக்கிறது என்ற தைரியத்தில் நாம் எந்தப் பக்கமும் நிறுத்துகிறோம். அவள் அதை டிக்கிமேல் போட்டு அந்தப் பக்கம் இழுக்கிறாள். பெயின்ட்டில் கீறல் விழுந்தால் திட்டும் வாங்குகிறாள். மூடியைத் திறக்கிற லிவர் என்று நினைத்து டிக்கி லிவரை இழுத்துவிட்டு, 'ஏம்மா நிக்கிற, போடு' என்று கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவள் டிக்கியைச் சத்தம் வராமல் மூடிவிட்டு, மறுபடி சுற்றி வந்து, 'சார், பெட்ரோல் மூடி' என்கிறாள்.

நைனா நின்ற பங்க் இன்று இல்லை. லாரிகளுக்கு டெர்மினல் வந்தது, ஆந்திர பஸ்களுக்கு 2018-ல் பஸ் நிலையம் வந்தது, இப்போது மெட்ரோ. பூவரச மரம் எந்தத் தூணுக்கு அருகில் நின்றது என்று நானும் அவரும் ஆளுக்கொரு இடம் காட்டுகிறோம். மெட்ராஸ் ரிஃபைனரீஸின் பெயர் 2000-ல் சென்னை பெட்ரோலியம் ஆனது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. விலை இப்போது தினசரி விஷயம், நள்ளிரவு வரிசை கிடையாது. அந்த ராத்திரிகளை அவர் ஏங்கி நினைத்ததில்லை, நானும் இல்லை.

போன வருஷம் அந்தக் காரை விற்றேன். அடுத்து மின்சாரக் கார் வாங்கலாமா என்று ஷோரூம் ஷோரூமாகப் போனோம். அங்கும் இதே கதைதான். ஒன்றில் பழைய பெட்ரோல் மூடி இருந்த இடத்திலேயே சார்ஜ் போடுகிற வாய். இன்னொன்றில் முகப்பில், கம்பெனி முத்திரைக்குப் பின்னால். வேறொன்றில் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில். நைனா எல்லாவற்றையும் சுற்றி நடந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், பார்வை மங்கல், கையால் தடவிக்கொண்டே நடக்கிறார். விற்கிற பையன், தாத்தா பெயின்ட் தரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்து அதைப் பற்றி விளக்கிக்கொண்டே கூட வந்தான். கடைசியில் எங்கள் அபார்ட்மென்ட்டில் சார்ஜ் போட இடம் கிடைக்காததால் பெட்ரோல் கார்தான் என்று முடிவானது. எந்தக் கார் என்பதை மைலேஜோ ஏர் பேக்கோ மட்டும் முடிவு செய்யவில்லை. நைனாவின் கை, பின்பக்கம் சுற்றி இடது தகட்டுக்கு வந்து, அந்தச் சின்னக் கதவின் விளிம்பைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது. நான் முன்பணம் கட்டினேன்.

முதல் தடவை பெட்ரோல் போட அவரையும் கூட்டிப் போனேன். முன் சீட்டில் இடப்பக்கம் அவர். முக்கோணத்தைப் பார்த்து, பம்ப் என் இடது கைக்கு வருகிற மாதிரி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, லிவரை இழுத்தேன். டப்பென்று மூடி திறந்த சத்தம் பின்னால் கேட்டது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் இந்தப் பக்கமாக வந்தாள்.

"எந்த சைடு சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"கிளீனர் சைடும்மா. நீ அங்கயே நில்லு, சுத்திக்கினு வராத."

அவளுக்குப் புரியவில்லை. அவர் பீச்சாங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்பக்கம் காட்டினார். அந்தக் கை தோளுக்கு மேலும் ஏறும். அவள் சிரித்துக்கொண்டே பின்னால் போய் நாசிலை மாட்டினாள்.

"ஜீரோ பாத்துக்கோங்க தாத்தா."

"நீ போடும்மா" என்றார்.